பழைய ஜீப்புக்கு எந்த கிளட்ச்?



இது மெக்கானிக்கல் பசங்களுக்கு மட்டும் எழுதியது இல்லை. வீட்டிலோ தோட்டத்திலோ பழைய மஹிந்திரா ஜீப் வைத்திருக்கும் எல்லாருக்கும்தான். விரிஞ்சிபுரத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் பாலாறு, தெற்கே அணைக்கட்டு தாண்டினால் மலை. அங்கே ஏறுவதற்கென்றே பழைய ஜீப்பை விற்காமல் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு நாள் வரும் கேள்விதான் இது: கிளட்ச் தேய்ந்துவிட்டது, எதைப் போடுவது?

கடையிலும் டீக்கடையிலும் கிடைக்கிற பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "நல்லா ஹெவியா போட்டுடு, இனி தொல்லையே இருக்காது." அதாவது பட்டன் டைப் செராமிக் பிளேட், கூடவே கடினமான ஸ்பிரிங் உள்ள பிரஷர் பிளேட். என்னைக் கேட்டால் பழைய ஜீப்புக்கு இது தப்பான பதில். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பழங்கதை. கிளட்சுக்கும் நம் வேலூர், ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்துக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய பல கார்களில் கூம்பு வடிவ கிளட்ச்தான். அதன் மேல் ஒட்டியிருந்தது தோல்! தோல் காய்ந்துபோனால் வண்டி வெடுக்கென்று இழுக்கும், எண்ணெய் பட்டால் வழுக்கும். அதனால் அவ்வப்போது எண்ணெய் தடவிப் பதமாக வைத்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1897-ல் ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கிய ஹெர்பர்ட் ஃப்ரூட் போன்றவர்கள் உராய்வுப் பொருளையே ஒரு தனித் தொழிலாக வளர்த்த பிறகு தோல் மெல்ல விடைபெற்றது. பொருள்தான் மாறியது, கிளட்சின் குணம் மாறவில்லை. அது பிடிக்கவும் வேண்டும், பிடிக்கும் முன் கொஞ்சம் வழுக்கவும் வேண்டும்.

அந்த வழுக்கல் ஒரு குறை இல்லை, அதுதான் கிளட்சின் வேலையே. வீட்டில் ஃபியூஸ் என்ன செய்கிறது? தான் எரிந்து டிவியைக் காப்பாற்றுகிறது. மலைப்பாதையில் கல்லில் மாட்டிய சக்கரம் திடீரென்று நின்றால் அந்த அதிர்ச்சியை யாராவது வாங்கித்தான் ஆகவேண்டும். சாதாரண பிளேட் ஒரு நொடி வழுக்கி அதை வாங்கிக்கொள்ளும். செராமிக் பட்டன் வழுக்காது. அடி நேராக கியர்பாக்ஸுக்கும், ஆக்ஸில் ஷாஃப்டுக்கும் போகும். நாற்பது வருடம் பழசான பற்சக்கரம் அதைத் தாங்குமா? பிளேட்டை மாற்றலாம். உடைந்த ஆக்ஸிலோடு மலையில் நின்றால் என்ன செய்வது?

எஞ்சின் பலத்தையும் பாருங்கள். சிஜே-3பி ஜீப்புக்கு அமெரிக்காவில் வில்லிஸ் கொடுத்த ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின் 2.2 லிட்டர், அதன் உச்ச முறுக்குவிசை சுமார் 155 நியூட்டன் மீட்டர்தான். இதற்கு லாரி மாதிரி கிளட்ச் எதற்கு? அதிகமாக அழுத்தும் ஸ்பிரிங்கைப் போட்டால் பெடலும் கல்லாகும். கால் வலிப்பது மட்டுமல்ல, லிங்கேஜ் தேயும், ரிலீஸ் பேரிங் தேயும், கிராங்க் ஷாஃப்டின் த்ரஸ்ட் வாஷருக்கும் சுமை கூடும்.

"அப்போ மலை ஏறும்போது கிளட்ச் கருகுதே?" என்று கேட்பீர்கள். பெரும்பாலும் காரணம் பிளேட் இல்லை, பழக்கம். ஜீப்பில் இரண்டாவதாக ஒரு சின்ன லீவர் இருக்கிறதே, அதில் 'லோ' போட்டால் பழைய வில்லிஸ் வகை டிரான்ஸ்ஃபர் கேஸில் வேகம் 2.46 மடங்கு குறைந்து, அதே மடங்கு இழுவை கூடும். லோ போடாமல் அரை கிளட்சிலேயே ஏற்றினால் எந்த பிளேட்டும் கருகத்தான் செய்யும். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் தார் ரோடு, அங்கே லோ வேண்டாம். கல்லும் மண்ணுமான ஜவ்வாது மலைப்பாதை அப்படி இல்லை.

சரி, எதை வாங்குவது? என் பட்டியல் இது:

1. முதலில் வண்டிக்குள் இருப்பது எந்த எஞ்சின் என்று பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தை மட்டும் நம்பாதீர்கள். பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றுவது நம் ஊரில் சர்வசாதாரணம். எம்எம்540-ல் வந்தது 2112 சிசி பியூஜோ டீசல், வேறு மாடல்களில் இன்டர்நேஷனல் டிராக்டர் வம்சத்து டீசல். "ஜீப் கிளட்ச் கொடுங்க" என்று கேட்டால் கடைக்காரர் கையில் கிடைத்ததைத்தான் கொடுப்பார்.

2. பழைய பிளேட்டைக் கையோடு கொண்டுபோங்கள். விட்டம், ஸ்ப்ளைன் எண்ணிக்கை, நடு ஹப்பின் உயரம் மூன்றும் பொருந்த வேண்டும். ஃபிளைவீலில் இடமும் துளையும் இருந்தால் 8.5 அங்குலத்திலிருந்து 9.25 அங்குலத்துக்குப் போகலாம். அதே ஸ்பிரிங் அழுத்தத்தில் தோராயமாக 9 சதவீதம் கூடுதல் பிடிப்பு கிடைக்கும். பலம் கூட்ட இதுதான் நல்ல வழி.

3. டயஃப்ரம் வகை கவர் பொருந்துமானால் அதை எடுங்கள். காயில் ஸ்பிரிங் வகையில் லைனிங் தேயத் தேய அழுத்தம் குறைந்துகொண்டே போகும். டயஃப்ரமில் அது அவ்வளவாகக் குறையாது, பெடலும் லேசு.

4. பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் புஷ் எல்லாம் ஒன்றாக மாற்றுங்கள். கியர்பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் இறக்கி ஏற்றுவதுதான் பெரிய வேலை. பேரிங் காசை மிச்சம் பிடித்து அதை இரண்டு முறை செய்வானேன்?

5. ஃபிளைவீலில் கோடு விழுந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்துங்கள். எஞ்சின் பின்பக்க ஆயில் சீல் கசிந்தால் அதை முதலில் மாற்றுங்கள். ஆயில் பட்ட புது பிளேட்டும் பழைய பிளேட்டும் ஒன்றுதான்.

6. மாட்டிய பிறகு பெடலில் ஓர் அங்குலம் அளவு ஃப்ரீ பிளே இருக்கட்டும். அது இல்லாவிட்டால் புது கிளட்சும் சீக்கிரம் போய்விடும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். பழைய பிளேட்டுக்கு லைனிங் மட்டும் ரிவெட் அடித்துப் போடுவது மலிவுதான். ஆனால் பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கலாம். பெல் ஹவுஸிங்கைத் திறந்ததும் கம்ப்ரஸர் காற்றை அடித்துத் தூசியைப் பறக்கவிடுகிறார்களே, அது நேராக அங்கே வேலை செய்கிற பையனின் நுரையீரலுக்குப் போகிறது. ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கூட ஆகும், ஆகட்டும்.

ஒரு கிளட்சுக்கு இவ்வளவு நீட்டி முழக்க வேண்டுமா என்று தோன்றலாம். 2023 மே மாதம் அணைக்கட்டு பக்கத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த ஒரு குழந்தை, சரியான சாலை இல்லாததால் மருத்துவமனை போய்ச்சேரும் முன்பே இறந்துபோனது. மலையில் சாலை போட வேண்டியது அரசின் கடமை, அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் அது வரும்வரை மேலே ஏறக்கூடிய ஒரு வண்டி ஊரில் ஓடும் நிலையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த வண்டிக்குத் தேவை வீராப்பு இல்லை, நம்பகம்தான். மதிலழகுக்குப் பெயர்போன நம் ஊர்க் கோயிலில் இருக்கும் சாமிக்கே வழித்துணைநாதர் என்றுதானே பெயர்! வழியில் கைவிடாததுதான் துணை.

உங்கள் ஜீப்பில் என்ன கிளட்ச்? செராமிக் போட்டு வருடக்கணக்கில் நன்றாக ஓட்டுபவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள், சண்டை போடலாம்!