டோனர் என்றால் நிறமா?

கழுவு, டோனர் தடவு, க்ரீம் பூசு. முகப் பராமரிப்புக்கு மூன்று படிகள் என்று அழகு நிலையங்களும் விளம்பரங்களும் பாடம் நடத்தியிருக்கின்றன. முதல் படி புரிகிறது. அழுக்குப் போக வேண்டும். மூன்றாவதும் புரிகிறது. தோல் வறளக் கூடாது. நடுவில் இருப்பது எதற்கு? பெயரிலேயே 'டோன்' இருக்கிறதே, நிறத்துக்காகத்தான் இருக்கும் என்று வாங்குபவர் தானே முடிவு செய்துகொள்கிறார். விற்பவர் அதைத் திருத்துவதில்லை.

அந்தமானின் மரைன் ஹில்லில் வசிக்கும், இப்போதுதான் சம்பளம் வாங்கத் தொடங்கியிருக்கும் ஒரு பெண்ணை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். போர்ட் பிளேரில் (2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம்) கடலைப் பார்த்தபடி இருக்கும் மேட்டுப் பகுதி அது. வரைபடத்தில் ஏறக்குறைய கடலூருக்கு நேர் கிழக்கே. வெயில் நம் ஊர் வெயில்தான். இரண்டு பருவமழைகளும் உண்டு. காற்றில் எப்போதும் ஈரம். 1980களின் தொடக்கத்தில் இந்த மேட்டில் ஒரு ஹோட்டலை வடிவமைத்த சார்லஸ் கொரியா, கடற்காற்று தடையில்லாமல் வீசிப்போகும்படி திறந்த தளங்களாகவே அதை அமைத்தார். அப்படிப்பட்ட ஊரில் முகத்தில் எண்ணெய் வழிவதும் பரு வருவதும் சகஜம். அந்தப் பெண் அபர்டீன் பஜாருக்குப் போய், கடல் கடந்து வந்த ஒரு டோனர் பாட்டிலை வாங்குகிறாள். அதிலிருந்து அவளுக்கு என்ன கிடைக்கும்?

டோனர் பிறந்த காரணம் எளிமையானது. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை கொண்டது. ஷேடே, மார்கியோனினி என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1928ல் இதற்கு 'அமிலப் போர்வை' என்று பெயர் வைத்தார்கள். பி.எச். அளவில் அது 5ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்போ 9, 10 என்று காரப் பக்கம் நிற்கும். சோப்பு போட்டுக் கழுவிய முகம் இறுகி, வெளிறி, ஒரு பிசுக்கோடு இருக்கும். அந்த எச்சத்தைத் துடைத்து அமிலத்தன்மையை மீட்கத்தான் இந்தத் திரவம். அமெரிக்காவில் 1968ல் வந்த 'கிளினீக்' நிறுவனம் சோப்பு, துடைக்கும் லோஷன், ஈரப்பசை என்று மூன்று படிகளை ஒரே தொகுப்பாக விற்றது. மூன்று படி என்ற மந்திரம் உலகெங்கும் பரவியதில் அதற்குப் பெரும் பங்குண்டு.

சோப்பு மாறிவிட்டது, மந்திரம் மட்டும் மாறவில்லை. இன்று கிடைக்கும் மென்மையான ஃபேஸ் வாஷ்கள் பலவும் தோலின் அமிலத்தன்மைக்கு அருகிலேயே தயாராகின்றன. சோப்பே போட்டாலும் ஆரோக்கியமான தோல் சில மணி நேரத்தில் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டாவது படி தீர்க்க வந்த பிரச்சினை பெருமளவு முதல் படியிலேயே தீர்ந்துவிட்டது.

டோனர் தோலின் துவாரங்களை மூடும் என்பது இன்னொரு நம்பிக்கை. துவாரங்களைத் திறந்து மூடத் தோலில் தசை எதுவும் கிடையாது. தடவியதும் சற்று நேரம் தோல் இறுகி, துவாரம் சிறிதானது போலத் தெரியும். அவ்வளவுதான்.

சரி, அந்தப் பெயர்? 'டோனோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்கு இழுத்துக் கட்டிய இறுக்கம் என்று பொருள். இசையின் சுருதியும் நிறத்தின் சாயலும் ஆங்கிலத்தில் அந்த வேரிலிருந்து கிளைத்தவை. டோனர் என்பதில் இருப்பது இறுக்கம்தான், நிறம் இல்லை. தமிழில் இதற்கு நெருக்கமான சொல் துவர்ப்பு. கடுக்காயை மென்றால் நாக்கு சுருங்குவதும் பழைய டோனரில் முகம் இறுகுவதும் ஒரே வகை வேலை. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவியின் கூந்தலுக்குப் பத்துவகைத் துவர்களும் ஐந்துவகை வாசனைகளும் முப்பத்திரண்டு ஓமாலிகைகளும் ஊறிய நீர் பயன்படுகிறது. துவர்ப் பட்டியலில் கடுக்காய், நெல்லி, தான்றி, நாவல் எல்லாம் உண்டு. மேல்நாட்டு டோனர்களில் நெடுங்காலம் கோலோச்சிய 'விட்ச் ஹேஸல்' செடியிலும் இருப்பது இந்தத் துவர்ப்புச் சத்துதான். இளங்கோவடிகளும் அதை நிறம் கூட்டும் சரக்காகச் சொல்லவில்லை.

பெயரில் உள்ள குழப்பம் பர்ஸோடு முடிந்தால் பரவாயில்லை. எண்ணெய் வழியும் முகத்துக்கென்று வரும் சில டோனர்களில் ஆல்கஹால் அதிகம். அது ஆவியாகும்போது முகம் ஜில்லென்று இருக்கும். மரைன் ஹில் புழுக்கத்தில் அந்த ஜில்லிப்பே பாதி விற்பனையை முடித்துவிடும். ஆனால் தினமும் இரண்டு வேளை பஞ்சால் தேய்த்தால் தோலைக் காக்கும் எண்ணெய்ப் படலம் குலைகிறது. எரிச்சல், சிவப்பு, உரிதல் தொடர்கின்றன. வெள்ளைத் தோலில் சிவப்பு சில நாளில் மறையும். நம் மாநிறத் தோலிலும் கறுப்புத் தோலிலும் எரிச்சல் ஆறிய இடத்தில் கருந்திட்டு தங்கிவிடுகிறது. மறைய மாதக்கணக்கில் ஆகும். நிறம் கூடும் என்று வாங்கியது நிறத் திட்டுகளைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

வீட்டுத் தயாரிப்பு என்பதாலேயே ஒன்று பாதுகாப்பாகிவிடாது. எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கொப்புளிக்கலாம். அது விட்டுச்செல்லும் கறுப்பு இன்னும் பிடிவாதமானது. பன்னீர் சாது. ஆனால் கல்யாண வீட்டில் தெளிக்கிற பன்னீரும் ரோஜாவை வடித்து எடுத்த பன்னீரும் ஒன்றல்ல. வெறும் செயற்கை வாசனை கலந்த தண்ணீர் சிலர் முகத்தில் அரிப்பைக் கிளப்பும்.

அப்படியானால் டோனர் யாருக்கும் வேண்டாமா? சிலருக்கு உதவும். பருவும் கரும்புள்ளியும் உள்ள எண்ணெய்ப் பசை முகத்துக்கு சாலிசிலிக் அமிலம் கலந்த டோனர் பயன்படலாம். தினமும் வேண்டாம், வாரத்தில் இரண்டு மூன்று நாள் தொடங்கிப் பார்த்தால் போதும். கிளைக்காலிக் அமிலம் இறந்த செல்களை அகற்றும். ஆனால் தோலை வெயிலுக்கு எளிதில் இலக்காக்கும் என்பதால், பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் அதைத் தொடக் கூடாது. வறண்ட முகத்துக்கு ஆல்கஹால் இல்லாத, கிளிசரின் கலந்த டோனர் இதமாக இருக்கும். ஆனால் நல்ல மாய்ஸ்சரைசரும் அதே வேலையைச் செய்துவிடும். எதுவானாலும் முதலில் முழங்கையின் உட்புறத்தில் சில நாள் தடவிப் பார்ப்பது நல்லது. பரு அதிகமாகவோ திட்டு நிலைத்தோ இருந்தால் கடைக்காரரைவிடத் தோல் மருத்துவரைக் கேட்பதே சரி.

மரைன் ஹில் பெண்ணின் பட்ஜெட்டில் இரண்டு பொருள்களுக்குத்தான் இடம் என்றால், மென்மையான ஃபேஸ் வாஷும் எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் போதும். மூன்றாவதுக்கு இடமிருந்தால் லேசான மாய்ஸ்சரைசர். அதற்குப் பிறகும் காசு மிஞ்சி, ஆசையும் இருந்தால் டோனர் வாங்கலாம். வாங்கும்முன் பாட்டிலைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்துகளைப் படிக்க வேண்டும். சேர்மானங்களில் அதிகமானதுதான் முதலில் இருக்கும். தண்ணீருக்கு அடுத்தே ஆல்கஹால் நின்றால், பாட்டிலைப் பழைய இடத்திலேயே வைத்துவிடலாம்.