பெற்றோருக்கு டிக்கெட் எடுக்கும் முன்

அமெரிக்காவில் மகளுக்குப் பேறுகாலம் என்றால் இங்கே வீடே பரபரப்பாகிவிடும். விசா கைக்கு வந்ததும் மகள் அங்கிருந்தே டிக்கெட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவாள். அம்மா பிரசவ லேகியத்துக்குச் சாமான் வாங்கத் தொடங்குவார். எந்த ஊரில் விமானம் மாற வேண்டும், நடுவில் எவ்வளவு நேரம் இருக்கிறது, பெட்டி தானாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடுமா என்பதெல்லாம் கிளம்பும் வாரம்வரை பேச்சில் வருவதே இல்லை. பெரும்பாலும் அது விலை வரிசையில் முதலில் நின்ற டிக்கெட். தோள்பையோடு ஓடிப் பிடிக்கும் முப்பது வயதுக்காரருக்குத் தோதான பயணத்தை, முழங்கால் வலியோடு முதன்முறையாக விமானம் ஏறுகிற அறுபத்தைந்து வயதுக்காரருக்கும் அப்படியே எடுத்துவிடுகிறார்கள். இந்தப் பழக்கம் மாற வேண்டும். போகப்போகிறவரின் உடம்பையும் மொழியையும் முதலில் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விலையைப் பார்க்க வேண்டும்.

சென்னையிலிருந்து அமெரிக்காவுக்கு நேரடி விமானம் கிடையாது. தோஹா, துபாய், அபுதாபி, லண்டன், ஃப்ராங்க்ஃபர்ட், சிங்கப்பூர் என்று எங்காவது மாறித்தான் ஆக வேண்டும். டிக்கெட்டில் ‘மொத்தம் 22 மணி நேரம்’ என்று போட்டிருப்பது விமானம் கிளம்புவதிலிருந்து எண்ணிய கணக்கு. திருநெல்வேலியில் இருப்பவருக்குப் பயணம் வீட்டு வாசலிலேயே தொடங்கிவிடுகிறது. வளைகுடா விமானங்களில் பல சென்னையிலிருந்து விடியற்காலையில் கிளம்புகின்றன. அதற்குப் பகல் முழுக்க ரயிலில் வந்து, நள்ளிரவில் விமான நிலையத்துக்குள் நுழைந்து, விழித்தபடியே விமானம் ஏற வேண்டும். பேத்தியைக் கையில் வாங்கும்போது அவர் கால் நீட்டிப் படுத்து ஒன்றரை நாளுக்கு மேல் ஆகியிருக்கும். ஒருநாள் முன்னதாகவே சென்னைக்கு வந்து உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தூங்கிவிட்டுக் கிளம்புவது ஆடம்பரம் ஆகாது. டிக்கெட் செலவோடு சேர்த்தே போட வேண்டிய கணக்கு அது. திருச்சியைச் சுற்றியுள்ளவர்கள் அங்கிருந்தே சிங்கப்பூர் வழியாகப் போக முடியுமா என்றும் பார்க்கலாம். வான்வழித் தூரம் கூடும், ஆனால் சென்னை அலைச்சல் மிச்சம்.

இருக்கிற எல்லா யோசனைகளிலும் விட்டுக்கொடுக்கக் கூடாதது ஒன்று உண்டு. முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருக்க வேண்டும். சென்னை முதல் துபாய் வரை ஒரு நிறுவனத்திலும், துபாய் முதல் நியூயார்க் வரை தனியாக இன்னொரு நிறுவனத்திலும் எடுத்தால் சில ஆயிரம் ரூபாய் குறையலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனத்துக்கு அதில் பொறுப்பே இல்லை. பயணி வரவில்லை என்று எழுதிவிட்டு விமானம் போய்விடும். ஒரே டிக்கெட்டாக இருந்தால், தவறிய இணைப்புக்கு மாற்று விமானம் தர வேண்டியது நிறுவனத்தின் கடமை.

இது எப்போதோ நடக்கிற சங்கதி என்று நினைத்துவிட வேண்டாம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலைய ஓடுபாதையில் வெள்ளம் புகுந்து நிலையமே மூடப்பட்டது. 2024 ஏப்ரல் 16 அன்று துபாயில் 75 ஆண்டுகளில் காணாத மழை கொட்டி, விமான நிலையம் நாள்கணக்கில் திணறியது. 2025 ஜூன் 23 அன்று கத்தாரில் உள்ள அமெரிக்கத் தளத்தை ஈரான் தாக்கியபோது கத்தார் தன் வான்பரப்பை மூடியது. தோஹாவுக்கு வந்துகொண்டிருந்த விமானங்கள் வேறு வேறு ஊர்களில் இறங்கின. இரண்டு தனி டிக்கெட்டுகளோடு இப்படி நடுவழியில் நிற்கும் ஒரு முதியவரை, ஆங்கிலமும் தெரியாத நிலையில், நினைத்துப் பார்த்தால் மிச்சம் பிடித்த ஆயிரங்கள் பெரிதாகத் தெரியாது.

இணைப்புக்கு நடுவே ஒன்றரை மணி நேரம் போதும் என்று விமான நிறுவனமே விற்கலாம். பெரியவர்களுக்கு மூன்று மணி நேரமாவது வேண்டும். மாறும் ஊருக்கு டிரான்சிட் விசா தேவையா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பிரிட்டன் வழியாகப் போகும் இந்தியர்களுக்கு அது தேவை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா வைத்திருப்பவர்கள் போன்ற சிலருக்கு விலக்கு உண்டு. இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன. பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் போய்வந்த அனுபவத்தை நம்பிக் கிளம்பக் கூடாது.

பலரும் தடுமாறும் இடம் அமெரிக்காவில் முதலில் இறங்கும் விமான நிலையம். பெட்டியில் ஒட்டிய சீட்டில் கடைசி ஊரின் பெயர் இருந்தாலும், பெரும்பாலான பயணங்களில் முதல் ஊரிலேயே குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். இது தெரியாமல் பெட்டியை விட்டுவிட்டு அடுத்த விமானத்தைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. அபுதாபியில் இதற்கு ஒரு மாற்று இருக்கிறது. 2014 முதல் அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் அங்கேயே சோதனையை முடித்துவிடுகிறார்கள். அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி போல வெளியே வந்துவிடலாம். அங்கேயும் வரிசை நீளம்தான் என்பதால் இடைவெளி தாராளமாக இருக்க வேண்டும்.

இனி பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது. நம் வீடுகளில் பெட்டி என்றால் பாதி சமையலறை. பருப்புப் பொடி, சுக்கு, வற்றல் எல்லாம் சரி. கறிவேப்பிலைதான் வம்பு. அமெரிக்காவுக்குள் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோகத் தடை இருக்கிறது. ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களைப் பட்டுப்போகச் செய்யும் ஒரு நோயைப் பரப்பும் சிறு பூச்சி, கறிவேப்பிலைச் செடியிலும் வாழ்வதுதான் காரணம். 2005இல் ஃப்ளோரிடாவில் கண்டறியப்பட்ட அந்த நோய் அங்குள்ள ஆரஞ்சுத் தோப்புகளைச் சீரழித்துவிட்டது. ஆகவே ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொத்தைச் சுங்க அதிகாரி எடுத்துப் போட்டால் அது கெடுபிடி ஆகாது. சாப்பாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்டால் ‘இருக்கிறது’ என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் ஆகாததை மட்டும் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவார்கள். மறைத்தால் 300 டாலர் முதல் 1,000 டாலர் வரை அபராதம் விழலாம். கசகசா இன்னும் ஆபத்து. ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள். வழியில் அங்கே இறங்கித் தங்கிப் போகிறவர்கள் மசாலாப் பொடிக்குள்ளும் அது இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கொப்பரைத் தேங்காயையும் வீட்டிலேயே வைத்துவிடலாம். எண்ணெய் மிகுந்து எளிதில் தீப்பற்றும் என்பதால் இந்திய விமான நிலையங்களில் அதற்குத் தடை. பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், பெரிய பெட்டியில் வைக்கக் கூடாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் எமிரேட்ஸும் 2025 முதல் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திவிட்டன.

மாத்திரைகளும் கைப்பையில்தான். பெட்டி ஒருநாள் தாமதமானால் சர்க்கரை மாத்திரை காத்திருக்காது. இன்சுலினைச் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைத்தால் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம். அட்டையிலிருந்து பிரித்துச் சின்ன டப்பாவில் போட்டு வைக்கும் பழக்கத்தை இந்த ஒரு பயணத்துக்காவது விட்டுவிட்டு, மருந்துகளை அட்டையோடும் மருத்துவரின் சீட்டோடும் எடுத்துச் செல்ல வேண்டும். சீட்டில் மருந்தின் வேதிப்பெயரும் இருக்கட்டும். நம் ஊர் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் புரியாது. டிரமடால், கோடீன் கலந்த வலி, இருமல் மருந்துகளுக்கு அமீரகத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு. பத்து மணி நேரம் முன்பின்னாக நேரம் மாறும் ஊரில் இன்சுலினை எப்போது போடுவது என்பதைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

விமானம் பறக்கும்போது உள்ளே இருக்கும் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பது போன்றதல்ல. ஏறக்குறைய 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில், அதாவது குன்னூர், ஊட்டி உயரத்தில் பதினைந்து மணி நேரம் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். காற்றும் வறண்டிருக்கும். கழிவறைக்கு எழுந்து போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் வருகிற அம்மாக்கள் ஏராளம். ஓர இருக்கை இருந்தால் அந்தக் கூச்சம் பாதி போய்விடும். கூடுதல் பணம் கேட்டாலும் அதை வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தால் காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு இருமடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. ஆரோக்கியமானவர்களிடம் அது சுமார் 6,000 பேரில் ஒருவருக்குத்தான். ஆனாலும் வயதும் பழைய நோய்களும் சேரும்போது வாய்ப்பு கூடும். அவ்வப்போது எழுந்து நடப்பதற்குச் செலவும் இல்லை.

சாப்பாட்டில் ஒரு பொறி இருக்கிறது. முன்பதிவில் ‘ஹிந்து மீல்’ என்று பார்த்துச் சைவம் என நினைத்துத் தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலான நிறுவனங்களில் அது மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாத அசைவச் சாப்பாடு. சைவர்களுக்கு வேண்டியது ‘ஏசியன் வெஜிடேரியன்’. அதையும் குறைந்தது ஒருநாள் முன்னதாகவே பதிவு செய்ய வேண்டும்.

சக்கர நாற்காலி விஷயத்தில் விமான நிறுவனங்கள் மேல் ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். நன்றாக நடக்கக்கூடிய பலர் நாற்காலி கேட்பது வழி கேட்க மொழி தெரியாததால்தான். அதனால் நிஜமாகவே நடக்க முடியாதவர்கள் காத்துக் கிடக்கிறார்கள். கூடவே ஓர் ஆள் வழிகாட்டி நடந்தால் போதும் என்கிற பயணிக்கு அந்த உதவியைக் கட்டணமில்லாமல் கொடுத்தால் நாற்காலி நெருக்கடி பெருமளவு தீரும். அது வரும்வரை, உடம்புக்குத் தேவையுள்ளவர்கள் 48 மணி நேரத்துக்கு முன்பே நாற்காலியைப் பதிவு செய்துவிட வேண்டும். மற்றவர்களுக்குச் சட்டைப்பையில் ஒரு தாள் போதும். ஒரு பக்கம் ஆங்கிலத்தில்: பெயர், விமான எண்கள், மகளின் முகவரி, தொலைபேசி எண், எத்தனை நாள் தங்கல், திரும்பும் தேதி, ‘எனக்குத் தமிழ் மட்டுமே தெரியும்’ என்ற வரி. மறுபக்கம் தமிழில்: எந்த ஊரில் இறங்கி எதைச் செய்ய வேண்டும், பெட்டியை எங்கே எடுக்க வேண்டும். அமெரிக்கக் குடியேற்ற அதிகாரி கேட்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான். பதில் புரியாமல் தலையாட்டுவதைவிட மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்டுவிடலாம். அதில் தவறே இல்லை. எத்தனை நாள் தங்கலாம் என்பதை விசாவில் உள்ள தேதி தீர்மானிப்பதில்லை. ஐ-94 என்ற பதிவில் அதிகாரி குறிக்கும் தேதிதான் கணக்கு. வீடு வந்ததும் மகளோ மருமகனோ அதை இணையத்தில் பார்த்துத் திரும்பும் டிக்கெட்டோடு ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

திரும்பும் டிக்கெட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. ஐந்தாறு மாதம் முன்னால் எடுத்ததால் இடையில் விமான நிறுவனம் நேரத்தை மாற்றும். எடுத்தபோது மூன்று மணி நேரமாக இருந்த இணைப்பு ஐம்பது நிமிடமாகச் சுருங்கியிருக்கும். அந்தத் தகவல் டிக்கெட் எடுத்தவரின் மின்னஞ்சலில் விளம்பரங்களுக்கு நடுவே கிடக்கும். நிறுவனமே நேரத்தை மாற்றியிருந்தால், அவர்களை அழைத்து வசதியான வேறு விமானம் கேட்கலாம். பெரும்பாலும் கட்டணமில்லாமலே மாற்றித் தருகிறார்கள். பேசாமல் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பொத்தானை அழுத்திவிட்டால் அந்த வாய்ப்பு கைநழுவிப் போகும். மாதம் ஒருமுறை பி.என்.ஆர். எண்ணைப் போட்டுப் பார்க்க இரண்டு நிமிடம் ஆகும்.