நம்ம ஊர் மனிதர்: ஊர்க்கதை எழுதிய வியாபாரி

தவளக்குப்பத்தில் பஸ் ஏறி புதுச்சேரி டவுனுக்குப் போகிறவர்களுக்கு ரங்கப் பிள்ளை வீதி என்றால் பெரிய மார்க்கெட்டும் தலைமைத் தபால் நிலையமும்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு வியாபாரி.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-ல் சென்னை பெரம்பூரில் பிறந்தார். சிறுவயதிலேயே அப்பாவுடன் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். துணி, பாக்கு வியாபாரத்தில் வளர்ந்து, ‘ஆனந்தப் புரவி’ என்ற கப்பலுக்கும் உரிமையாளர் ஆனார். 1747-ல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் தலைமை துபாஷி. அதாவது, ஆட்சியாளருக்கும் ஊர்மக்களுக்கும் நடுவே பேசுகிறவர்.

ஆனால், அவரை இன்றும் நினைக்க வைப்பது பணமும் பதவியும் அல்ல. 1736 முதல் அவர் எழுதிவந்த ‘தினப்படி சேதிக் குறிப்பு’. கப்பல் வந்தது, சரக்கு விலை, கல்யாணம், வழக்கு, வதந்தி எல்லாம் அதில் உண்டு.

1748-ல் பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்தார்கள். அவ்வளவு செல்வாக்கு இருந்தும் ரங்கப் பிள்ளையால் தடுக்க முடியவில்லை. அந்த இயலாமையையும் மறைக்காமல் எழுதிவைத்தார்.

1761 ஜனவரியில் அவர் மறைந்தார். அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. குறிப்பேடுகள் வெளியே தெரிந்தது 1846-ல்தான். பிறகு ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வந்தன. எழுத்தாளர் பிரபஞ்சனின் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ நாவல்களுக்கு இந்தக் குறிப்புகளே அடிப்படை.

உங்கள் வீட்டுப் பரணிலும் தாத்தாவின் கடை நோட்டு இருக்கலாம். பழைய பேப்பர்காரரிடம் போடும் முன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். கடன் பாக்கிக்கு நடுவே ஊர்க்கதை ஒன்று இருந்தாலும் இருக்கும்!