குற்றவாளிக்குத் தண்டனை! மாணவிக்குப் படிப்பு!

பத்தாவது படிக்கிற ஒரு பெண்ணுக்குக் கொடுமை நேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். செய்தவன் பள்ளிக்கூடத்து வாத்தியாராக இருக்கலாம். வட்டிக்குக் கடன் கொடுத்தவனின் மகனாக இருக்கலாம். சொந்த மாமனாகவே கூட இருக்கலாம். மறுநாள் காலை என்ன நடக்கிறது? அவன் வழக்கம்போல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறான். அவளுடைய பள்ளிப் பை வீட்டு ஆணியில் தொங்குகிறது. "படித்தது போதும், வீட்டிலேயே கிட" என்று தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. ஆறு மாதத்தில் ஒரு மாப்பிள்ளை தேடுகிறார்கள். இல்லையென்றால் நூல் மில் ஹாஸ்டலுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

தோழர்களே! குற்றம் செய்தவன் யார்? தண்டனை அடைந்தவள் யார்?

பெற்றோரைத் திட்டிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. ஷிப்டுக்குப் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு. ஸ்டேஷனுக்கு ஒரு நாள், கோர்ட்டுக்கு ஒரு நாள் என்று அலைந்தால் அடுப்பு எரியாது. எதிராளி நிலம் உள்ளவன். நாளைக்கு அவன் வயலுக்குத்தான் நாற்று நடப் போயாக வேண்டும். ஊர் வாய் வேறு. இத்தனைக்கும் பயந்துதான் ஏழைத் தகப்பன் தன் வாய்க்குத் தானே பூட்டுப் போட்டுக்கொள்கிறான். அந்தப் பூட்டின் சாவியோ குற்றவாளியின் மடியில் இருக்கிறது!

இந்தப் பூட்டை உடைக்க முடியும். பாதிக்கப்பட்ட மாணவிக்கு உதவச் சட்டத்தில் பல கதவுகள் உண்டு. யாரும் தர்மமாகக் கொடுத்தவை அல்ல அவை. 1992-ல் ராஜஸ்தான் கிராமத்தில் பன்வாரி தேவிக்கு இழைக்கப்பட்ட கொடுமையிலிருந்து எழுந்த வழக்கில்தான், 1997-ல் சுப்ரீம் கோர்ட் வேலைத்தலங்களுக்கான விசாகா நெறிமுறைகளை வகுத்தது. 2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கொடுமையைக் கண்டு நாடெங்கும் ஜனங்கள் தெருவில் இறங்கினார்கள். 2013-ல் கிரிமினல் சட்டங்கள் திருத்தப்பட்டன. இப்படிப் போராடிப் பெற்ற உரிமை நம் வீட்டுப் பெண்ணுக்குத் தெரியாமல் கிடந்தால், அது பெட்டியில் பூட்டி வைத்த அரிசி, பசி தீராது.

ஆஸ்பத்திரி

முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. பாலியல் கொடுமைக்கு ஆளானவருக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தந்தாக வேண்டும். இன்று அமலில் உள்ள பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 397-வது பிரிவு இதைச் சொல்கிறது. "போலீஸ் சீட்டு கொண்டு வா" என்று குழந்தையைத் திருப்பி அனுப்புவது சட்டவிரோதம். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆகவே நாள் கடத்தக் கூடாது. அன்று உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்துச் செல்லுங்கள், அது சாட்சி. "இரு விரல் சோதனை" என்ற கேவலத்தை நடத்தவே கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2013-லும் 2022-லும் சொல்லிவிட்டது.

போலீஸ்

18 வயதுக்குட்பட்ட பெண்ணுக்கும் பையனுக்கும் 2012-ம் வருஷத்துப் போக்ஸோ சட்டம் காவல். பையன்களுக்கும் இந்தக் கொடுமை நேர்கிறது. வெளியே சொல்ல அவர்கள் இன்னும் கூசுகிறார்கள். குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுத்தடிக்க வேண்டியதில்லை. வீட்டிலோ, அவள் விரும்பும் வேறிடத்திலோ வாக்குமூலம் வாங்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். போலீஸ் உடுப்பில் வரக் கூடாது. பெற்றோரோ, அவள் நம்புகிற ஒருவரோ கூட இருக்கலாம். சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லையில் நடந்திருந்தாலும், எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். புகார் கொடுத்தவருக்கு முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். பாலியல் வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுக்கும் போலீஸ் அதிகாரிக்கே சிறைத் தண்டனை உண்டு.

இங்கே ஊர்ப் பெரிய மனிதர்கள் குறுக்கே வருவார்கள். "பணத்தை வாங்கிக்கொள், இல்லாவிட்டால் அவனுக்கே கட்டி வைத்துவிடலாம்" என்பார்கள். ஆகா, என்ன நியாயம்! கன்றைக் கடித்த ஓநாய்க்கே கன்றைத் தாரை வார்ப்பதா? போக்ஸோ குற்றம் ஊர்ப் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்கிற வரப்புத் தகராறு அல்ல. 18 வயது நிரம்பாத பெண்ணைக் கட்டி வைத்தால் அதுவே இன்னொரு குற்றம்.

பள்ளிக்கூடமும் கல்லூரியும்

"ஸ்கூல் பெயர் கெட்டுவிடும், வெளியே சொல்லாதீர்கள்" என்று சொல்லும் தலைமையாசிரியர் தானே குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியவர். விஷயம் தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை. ஸ்தாபனத்தின் பொறுப்பில் இருப்பவர் தம் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை.

கல்லூரிகளுக்கு யூ.ஜி.சி. 2015-ல் விதி வகுத்தது. கல்லூரிதோறும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். மாணவர் சம்பந்தப்பட்ட விஷயமானால் தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவர்கள் அதில் உட்கார வேண்டும். சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். 90 நாளில் விசாரணை முடிய வேண்டும். விசாரணை நடக்கும்போது, எதிராளியான ஆசிரியர் அவளுடைய பரீட்சைத் தாளைத் திருத்தக் கூடாது என்று தடுக்கவும், மூன்று மாதம் வரை அவளுக்கு விடுப்புத் தரவும் குழு சிபாரிசு செய்யலாம். அதாவது, நியாயமும் கிடைக்க வேண்டும், படிப்பும் நிற்கக் கூடாது என்பதுதான் விதியின் நோக்கம்.

பேசிய பெண்கள்

பேசி என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு இரண்டு வழக்குகளைக் காட்டுகிறோம்.

பொள்ளாச்சியில் பெண்களை ஏமாற்றி, படம் எடுத்து மிரட்டிய கும்பலின் அக்கிரமம் 2019-ல் அம்பலமானது. முதலில் புகார் செய்தவரின் அடையாளத்தைப் போலீசே வெளியிட்டது! ஆனாலும் பாதிக்கப்பட்ட எட்டுப் பெண்கள் கோர்ட்டில் சாட்சி சொன்னார்கள். ஒருவரும் பின்வாங்கவில்லை. 2025 மே 13-ந் தேதி கோவை மகளிர் கோர்ட் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை விதித்தது. பெண்களுக்கு மொத்தம் 85 லட்ச ரூபாய் நஷ்ட ஈடு தரச் சொன்னது.

2024 டிசம்பர் 23-ந் தேதி இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே ஒரு மாணவி தாக்கப்பட்டார். வீடியோ இருக்கிறது என்று மிரட்டப்பட்டும் அவர் அஞ்சவில்லை, புகார் செய்தார். இந்த முறையும் அவரைப் பற்றிய விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. ஹைகோர்ட் தலையிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகளிடம் விசாரணையை ஒப்படைத்தது. அவருக்கு 25 லட்ச ரூபாய் தரச் சொன்னது. கட்டணம் எதுவும் வாங்காமல் அவருடைய படிப்பைத் தொடரச் செய்ய வேண்டும் என்று பல்கலைக்கழகத்துக்கும் உத்தரவிட்டது. 2025 ஜூன் 2-ந் தேதி குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. 30 வருஷத்துக்குக் குறையாமல் உள்ளே கிடக்க வேண்டும்.

ஒரு வழக்கு ஆறு வருஷம். மற்றது ஆறு மாதத்துக்குள். தேசமே பார்த்துக்கொண்டிருந்தால் கோர்ட் வேகமாக நடக்கிறது. யாரும் பார்க்காத கிராமத்துக் கூலிப் பெண்ணின் வழக்கை யார் பார்ப்பது? நாம்தான் பார்க்க வேண்டும்.

காசில்லாதவர்களுக்கு

வக்கீலுக்குக் காசில்லையே என்று கலங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்று 1987-ம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது, டெலிபோன் 15100. குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181, தமிழ்நாட்டுப் பள்ளி மாணவர்களுக்கு 14417. மாவட்டத்தில் உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் வைத்தியம், போலீஸ் உதவி, சட்ட ஆலோசனை, மன ஆறுதல், சில நாள் தங்க இடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும். வீடே ஆபத்தானால் குழந்தைகள் நலக் குழு பாதுகாப்பான இல்லத்துக்கு அனுப்பும்.

பாதிக்கப்பட்டவர் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களைச் சேர்ந்தவராகவும் குற்றவாளி வேறு ஜாதியாராகவும் இருந்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர வேண்டும். 2016-ல் திருத்தப்பட்ட விதிப்படி பலாத்காரத்துக்கு 5 லட்ச ரூபாய் நிவாரணம். பாதித் தொகை வைத்தியப் பரிசோதனை அறிக்கை வந்ததும் கிடைக்க வேண்டும். விசாரணைக்கும் கோர்ட்டுக்கும் போகிற நாளுக்குப் பஸ் சார்ஜும், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத படியும் உண்டு. கூலியை இழந்து நியாயம் தேடும் ஏழைகள் அனைவருக்கும் இந்தப் படி கிடைக்க வேண்டும் என்பது நம் கோரிக்கையாக வேண்டும்.

நம் வீட்டுக்குள்ளே

இனிச் சொல்லப்போவது கசக்கும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மேஸ்திரி திட்டிய கோபத்தை மனைவியின் முதுகில் தீர்ப்பது எந்த ஊர் வீரம்? முதலாளியிடம் உரிமை கேட்டு உயர்கிற கை, வீட்டில் பெண்டாட்டி பிள்ளை மீது ஓங்கலாமா? ராத்திரி முழுதும் அம்மாவின் அழுகையைக் கேட்ட பிள்ளை காலையில் எப்படிக் கணக்குப் போடும்? அந்தப் பிள்ளை பெயிலானால் "மக்கு" என்கிறோம். மக்கு யார்?

2005-ல் நிறைவேறி 2006 அக்டோபர் 26-ல் அமலுக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிக்கு மட்டுமல்ல, மகளுக்கும் தாய்க்கும் உரியது. மாவட்டச் சமூகநல ஆபீசில் உள்ள பாதுகாப்பு அதிகாரியிடம் அண்டை வீட்டார் கூடத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மேல் வழக்கு வராது. வீடு யார் பெயரில் இருந்தாலும் அதில் குடியிருக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. தேவையானால் அடிப்பவனையே வெளியேறச் சொல்லி மாஜிஸ்ட்ரேட் உத்தரவு போடலாம். இதன் அர்த்தம் என்ன? அடிபட்ட தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த ஊருக்கு ஓட வேண்டாம். பிள்ளையின் படிப்பும் நடுவில் அறுந்து போகாது.

செய்ய வேண்டியது

சட்டம் தானாக நடந்து வந்து கதவைத் தட்டாது. பல கல்லூரிகளில் புகார்க் குழு காகிதத்தோடு சரி. பள்ளிக்கூடங்களில் குழந்தை மனம் விட்டுப் பேச ஆள் இல்லை. பள்ளிதோறும் பயிற்சி பெற்ற ஆலோசகர் வேண்டும். குழு அங்கத்தினர்களின் பெயர் வாசலில் எழுதப்பட வேண்டும். நிவாரணத் தொகை தாமதமின்றிக் கைக்கு வர வேண்டும். இவற்றைக் கேட்டுச் சங்கங்கள் தீர்மானம் போடட்டும். மகஜரோடு கலெக்டர் ஆபீசுக்குப் போகட்டும்.

அதற்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியவை உண்டு. மேலே சொன்ன நான்கு டெலிபோன் நம்பர்களையும் சங்கப் பலகையில் எழுதிப் போடுங்கள். பாதிக்கப்பட்ட குடும்பத்தோடு ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண்ணாக, கூடப் போங்கள். இழந்த கூலியை ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஈடுகட்டுங்கள். அந்தப் பெண் பள்ளிக்கூடம் போகிற பாதையில் வீண் பேச்சுப் பேசுகிறவன் வாயை அடக்குங்கள். ஆத்திரத்தில் அவள் பெயரையும் படத்தையும் நோட்டீசில் போட்டுவிடாதீர்கள்; சட்டப்படி அது குற்றம், அவளுக்கோ இரண்டாவது காயம்.

"கெட்டுப்போனவள்" என்ற சொல்லை நம் சேரியிலும் லயன் வீட்டிலும் யாரும் உச்சரிக்கக் கூடாது. வீட்டில் களவு போனால் பறிகொடுத்தவனையா திருடன் என்கிறோம்? தலைகுனிய வேண்டியவன் அவன். அவள் தலைநிமிர்ந்து பரீட்சை எழுதட்டும். அவள் பக்கத்தில் நாம் நிற்போம்!