2004உடன் தீர்ந்துவிடாத கணக்கு

"அந்தமானின் பெரிய நிலநடுக்கம் 2004லேயே வந்துபோய்விட்டது. பூமிக்குள் தேங்கிய விசை முழுவதும் வெளியேறிவிட்டது. இனிச் சில நூற்றாண்டுகளுக்குக் கவலையில்லை." கிரேட் நிக்கோபாரின் கலாத்தியா விரிகுடாத் துறைமுகத் திட்டம் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த வாதம் எழுகிறது. இதை ஏற்பதற்கில்லை.

விசை முழுவதும் வெளியேறியதா? 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா முதல் வட அந்தமான் வரை ஏறத்தாழ 1300 கி.மீ. நீளத்துக்குத் தட்டெல்லை (புவித்தட்டுகள் சந்திக்கும் பரப்பு) நழுவியது உண்மை. ஆனால் எங்கும் ஒரே அளவில் நழுவவில்லை. வட சுமத்ரா அருகே 15 மீட்டருக்கும் மேல். அந்தமான் பக்கம் அதைவிட மிகக் குறைவு.

அடுத்து, விசை தேங்க ஒரே ஒரு பரப்புதான் உண்டு என்ற எண்ணம். இங்கேதான் நில அதிர்வுப் படங்கள் பேசுகின்றன. கப்பலிலிருந்து அழுத்தக் காற்றை நீருக்குள் திடீரென விடுவிக்கிறார்கள். கடலடிப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பின்னால் இழுபடும் கேபிளின் ஒலிவாங்கிகள் பதிவுசெய்கின்றன. புவி இயற்பியலாளர் சதீஷ் சிங்கின் குழு 12 கி.மீ. நீளக் கேபிளுடன் வட சுமத்ரா அருகே எடுத்த படங்கள் 2008இல் வெளியாயின. கீழே அமிழும் கடல்தட்டே உடைந்திருப்பதும், பிளவுகள் அதன் மேலோட்டைத் தாண்டி இறங்குவதும் அவற்றில் தெரிந்தன. ஆக, ஒரு பரப்பு நழுவிவிட்டதால் மற்றவை ஓய்ந்துவிட்டன என்று எப்படிச் சொல்வது? 2009 ஆகஸ்டில் வட அந்தமான் அருகே 7.5 அளவில் பூமி அதிர்ந்தது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே, தட்டெல்லைக்கு வெளியே, 8.6.

'சில நூற்றாண்டுகள்' என்ற கணக்கும் நிற்காது. சுமத்ராவின் ஆச்சே கடற்கரைக் குகை ஒன்றில் வௌவால் எச்சத்துக்கிடையே படிந்த மணல் அடுக்குகள், 7400 முதல் 2900 ஆண்டுகளுக்கு முன்வரை வந்த 11 சுனாமிகளைக் காட்டுகின்றன. ஒரு முறை 2000 ஆண்டு இடைவெளி. இன்னொரு சமயம் ஒரே நூற்றாண்டில் நான்கு. சராசரியை நம்பித் துறைமுகம் கட்டுபவர்கள் எந்த இடைவெளியில் கட்டுகிறார்கள் என்று யாரால் சொல்ல முடியும்?

2004 போன்ற 9க்கு மேற்பட்ட ஒன்று விரைவில் திரும்பாது என்பது நியாயமான ஊகம்தான். ஆனால் தீவுகள் சேதமடைய அவ்வளவு பெரியது வரவேண்டிய அவசியமே இல்லை. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்தது ஏறத்தாழ 7.9, அதன் சுனாமி அலை சென்னையின் அலைமானியிலும் பதிவானது. 1941 ஜூனில் அந்தமானை உலுக்கியதும் 9ஐ எட்டவில்லை. கலாத்தியாவின் கட்டுமானத்தை இந்த அளவு நிலநடுக்கங்களை முன்வைத்தே சோதிக்க வேண்டும். அதற்கு அந்த விரிகுடாவுக்கு நேர் மேற்கே எந்தப் பிளவு எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்ற விரிவான படம் முதலில் மேசைக்கு வரட்டும்.