47 நாள்தான் ஆயுள்: சர்வர் சான்றிதழ் விதி மாறுவது ஏன்? உள்ளுக்குள் இருக்கும் சர்வர்களுக்கு என்ன பாதுகாப்பு?

2018 டிசம்பர் 6. பிரிட்டனில் ஓ2 நிறுவனத்தின் நெட்வொர்க்கை நம்பியிருந்த மூன்று கோடிக்கும் மேற்பட்டோருக்கு அதிகாலையிலேயே போனில் இன்டர்நெட் நின்றுபோனது. லண்டன் பஸ் ஸ்டாப்களில் அடுத்த பஸ் எப்போது வரும் என்று காட்டும் பலகைகள்கூட வேலை செய்யவில்லை. அதே நாளில் ஜப்பானில் சாஃப்ட்பேங்க் சேவையும் நான்கு மணி நேரத்துக்கு மேல் முடங்கியது.

ஹேக்கர்கள் கைவரிசையா? இல்லை. இரண்டு நிறுவனங்களும் பயன்படுத்திய எரிக்சன் சாஃப்ட்வேரில் ஒரு டிஜிட்டல் சான்றிதழின் தேதி முடிந்துபோயிருந்தது. அவ்ளோதான்.

இப்போது அந்த 'தேதி' விவகாரம் மறுபடியும் பேசுபொருளாகியிருக்கிறது.

என்ன மாறுகிறது?

இணையதளங்களின் சான்றிதழ்களுக்கு விதி வகுப்பது சிஏ/பிரவுசர் ஃபோரம் என்ற அமைப்பு. சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களும், ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், மொசில்லா போன்ற பிரவுசர் நிறுவனங்களும் இதில் உறுப்பினர்கள். ஆப்பிள் முன்வைத்த ஒரு யோசனையை 2025 ஏப்ரலில் இந்த அமைப்பு ஏற்றுக்கொண்டது. ஒரு ஓட்டுகூட எதிராக விழவில்லை.

அதன்படி, அதிகபட்சம் 398 நாளாக இருந்த சான்றிதழின் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள் என்று படிப்படியாகக் குறைகிறது.

அதென்ன 47 கணக்கு? 31 நாள் கொண்ட ஒரு மாதம், அரை மாதத்துக்கு 15 நாள், கூடுதலாக ஒரு நாள். மாதம் ஒருமுறை புதுப்பித்தால் கொஞ்சம் மூச்சுவிட இடம் இருக்கும் என்பதுதான் கணக்கு. ஆனால் ஆள் வைத்து, காலண்டரில் குறித்து வைத்துப் புதுப்பிப்பது இனி நடக்காது. எல்லாமே தானியங்கியாக மாறியாக வேண்டும்.

சான்றிதழ் என்றால் என்ன?

சர்வரின் அடையாள அட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சர்வரின் பெயர், அதன் பொதுச் சாவி, காலாவதி தேதி, 'இது உண்மைதான்' என்று ஒரு நம்பகமான அமைப்பு போட்ட டிஜிட்டல் கையெழுத்து எல்லாம் இருக்கும். ரகசியச் சாவி மட்டும் சர்வரை விட்டு வெளியே போகக்கூடாது. இதை வைத்துத்தான் உங்கள் போனும் வங்கி சர்வரும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாதபடி பேசிக்கொள்கின்றன.

வாசலில் பூட்டு, உள்ளே?

பெரிய சேவை எதையும் ஒற்றை சர்வர் நடத்துவதில்லை. பத்து, நூறு சர்வர்கள் கூட்டாக வேலை செய்யும். இதற்கு 'கிளஸ்டர்' என்று பெயர். நீங்கள் அனுப்பும் தகவல் வாசல் சர்வர் வரைக்கும் பூட்டோடு வரும். அதற்குப் பிறகு சர்வருக்கு சர்வர் போகும்போது?

பல ஆண்டுகளாக இதற்குப் பதில், 'பூட்டு இல்லை' என்பதுதான். நம்ம கட்டடம், நம்ம கேபிள், யார் வந்து கேட்கப் போகிறார்கள் என்ற நம்பிக்கை. அதை உடைத்தவர் எட்வர்ட் ஸ்னோடன். கூகுள், யாகூ டேட்டா சென்டர்களுக்கு இடையே ஓடும் தகவல்களை அமெரிக்க, பிரிட்டன் உளவு அமைப்புகள் அள்ளிக்கொண்டிருப்பதை, அவர் கொடுத்த ஆவணங்களை வைத்து 2013 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. அதில் கையால் வரைந்த ஒரு படம். என்கிரிப்ஷன் எந்த இடத்தில் கழற்றப்படுகிறது என்று அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ஒரு ஸ்மைலியும் வரைந்திருந்தார்கள்! அதன் பிறகுதான் உள் கேபிள்களுக்கும் பூட்டு போடும் வேலை வேகமெடுத்தது. யாகூ 2014 மார்ச் இறுதியில் அந்த வேலையை முடித்தது.

கிளஸ்டருக்குள் எப்படிப் பூட்டுவது?

வழக்கமாக நிறுவனமே தனக்கென ஒரு தனியார் சான்றிதழ் அமைப்பை உருவாக்கிக்கொள்ளும். அதன் மூலச் சாவியை நெட்வொர்க்கில் இணைக்காமல் தனியே பத்திரப்படுத்துவார்கள். ஒவ்வொரு சர்வருக்கும் தனிச் சாவி, தனிச் சான்றிதழ். ஒரே சான்றிதழை எல்லாவற்றுக்கும் நகலெடுத்துப் போடுவது சுலபம்தான். ஆனால் ஒரு சர்வர் களவுபோனால் மொத்தக் கிளஸ்டரும் போச்சு.

பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கிளஸ்டரில் ஒரு சர்வர் பதில் மட்டும் சொல்வதில்லை, தானே போய் மற்ற சர்வர்களையும் கூப்பிடுகிறது. எனவே அழைக்கிறவர், அழைக்கப்படுகிறவர் என இரண்டு வேடத்துக்கும் செல்லும் சான்றிதழ் வேண்டும். பொதுச் சான்றிதழ்களில் 'அழைக்கிறவர்' அனுமதியை நீக்க குரோம் தரப்பு அழுத்தம் கொடுத்து வருவதால், அவற்றை உள்வேலைக்குப் பயன்படுத்தியவர்கள் தனியார் அமைப்புக்கு மாற வேண்டிய கட்டாயம்.

ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரில் ஒரே நேரத்தில் சுவிட்சைத் தட்ட முடியாது. ஒரு சர்வர் பூட்டோடு பேச, மற்றவை பூட்டில்லாமல் பேசினால் கூட்டு உடைந்துவிடும். அதனால்தான் மாங்கோடிபி போன்ற டேட்டாபேஸ்களில் படிப்படியான வழி இருக்கிறது. முதலில் இரண்டு விதமான பேச்சையும் ஏற்றுக்கொள்வது, அப்புறம் பூட்டுக்கு முன்னுரிமை, கடைசியில் பூட்டு கட்டாயம். மூலச் சான்றிதழை மாற்றும்போதும் இதே பொறுமை வேண்டும். பழையது, புதியது இரண்டையும் எல்லா சர்வரும் நம்பத் தொடங்கிய பிறகே பழையதை எடுக்கலாம்.

'எரர் வருதே' என்று சரிபார்ப்பையே ஆஃப் செய்துவிடுகிற ஆட்களும் உண்டு. இதுதான் ஆபத்து. எதிரில் இருப்பது யார் என்று தெரியாமல் ரகசியம் பேசி என்ன பிரயோஜனம்?

47 நாள் விதி இவற்றுக்கும் பொருந்துமா?

பொருந்தாது. பிரவுசர்கள் நம்பும் பொதுச் சான்றிதழ்களுக்கு மட்டுமே அந்த விதி. உள்ளுக்குள் எத்தனை ஆண்டு என்பது அந்தந்த நிறுவனத்தின் முடிவு. சிக்கலும் இங்கேதான். வெளியே இருப்பதை பிரவுசர் காட்டிக்கொடுத்துவிடும், உள்ளே இருப்பதைக் கேட்க நாதியில்லை. குபெர்னெட்டீஸ் கிளஸ்டரை 'குபேஅட்மின்' மூலம் நிறுவினால் சான்றிதழ்கள் ஓராண்டுக்குத்தான். வெர்ஷன் அப்கிரேட் செய்தால் தானாகப் புதுப்பிக்கப்படும். 'நல்லாத்தானே ஓடுது' என்று தொடாமல் விட்டவர்களுக்கு, முதலாம் ஆண்டு நிறைவன்று கட்டுப்பாட்டுக் கட்டளைகள் எதுவும் ஏறாது.

அமெரிக்காவின் ஈக்விஃபேக்ஸ் கதை இன்னும் மோசம். 2017-ல் 14 கோடிக்கும் அதிகமானோரின் தகவல்கள் அங்கிருந்து திருடுபோயின. நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் கருவியின் சான்றிதழ் மாதக்கணக்கில் காலாவதியாகிக் கிடந்ததால், என்கிரிப்ட் ஆன போக்குவரத்தை அது பார்க்கவே இல்லை. ஜூலை இறுதியில் சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உடனே திருட்டு கண்ணில் பட்டது. அதற்குள் 76 நாள் ஓடிப்போயிருந்தது.