நேற்றைச் சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்

புது மொழி படிக்கிறவர்கள் பெரும்பாலும் நிகழ்காலத்தோடு நின்றுவிடுகிறார்கள். பெயர், ஊர், வேலை, காபி என்ன விலை எல்லாவற்றுக்கும் அது போதும். ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதும் இறந்தகாலத்தில் இருக்கிறது. அதைக் கேட்கத் தெரியாதவரை அவர் நமக்கு அந்நியர்தான். ஸ்பெயினின் பார்சலோனாவில் கட்டலான் மொழி படிக்கும் எனக்கு இந்த வருடம் உறுதிப்பட்ட எண்ணம் இது.

கட்டலானில் 'பாச்' என்றால் 'போகிறேன்'. 'மன்ஜா' என்றால் 'சாப்பிட'. இரண்டையும் சேர்த்து 'பாச் மன்ஜா' என்று கேட்டால் 'சாப்பிடப் போகிறேன்' என்றுதான் நமக்குத் தோன்றும். பிரெஞ்சு தெரிந்தவருக்கும் அப்படியே. அங்கே இதே அமைப்பு வரப்போவதைக் குறிக்கும். கட்டலானில் இதற்குப் பொருள் 'சாப்பிட்டேன்'. நடுவே 'அ' என்றொரு சின்னச் சொல் நுழைந்து 'பாச் அ மன்ஜா' ஆனால்தான் சாப்பிடக் கிளம்புகிறார் என்று அர்த்தம்.

'போ' எப்படி முடிந்துபோனதைச் சொல்ல வந்தது? இடைக்கால வரலாற்று நூல்களில் போர்க் காட்சிகளை விறுவிறுப்பாகச் சொல்லும்போது இந்த அமைப்பு அடிக்கடி வருகிறது. நம் கதைசொல்லி, 'நேரா போறான், ஓங்கி ஒரு வெட்டு வெட்டுறான்' என்று நடந்து முடிந்ததைக் கண்முன் நடப்பதுபோல் சொல்வாரே, அந்த மாதிரி. சொல்லிச் சொல்லிப் பழகியதில் அதுவே இறந்தகாலமாக நிலைத்துவிட்டது என்பது பலரும் தரும் விளக்கம். ஒரே சொல்லில் அமைந்த பழைய இறந்தகாலமும் அழிந்துவிடவில்லை. எழுத்தில் இருக்கிறது, வலென்சியாப் பகுதியில் சிலர் பேச்சிலும் இருக்கிறது.

படிப்பவருக்கு இது பெரிய வரம். ஸ்பானியத்தில் முக்கியமான வினைகள் பலவும் இறந்தகாலத்தில் உருமாறிவிடும். ஒவ்வொன்றையும் மனப்பாடம் செய்ய வேண்டும். கட்டலானில் பாச், பாஸ், பா, பம், பவ், பன் என்று ஆறு சொற்கள் தெரிந்தால் போதும். பின்னால் எந்த வினையையும் அப்படியே வைக்கலாம்.

கவனம் வேண்டிய இடம் வேறு. இன்று சாப்பிட்டதற்கு 'எ மன்ஜாட்'. நேற்றுச் சாப்பிட்டதற்கு 'பாச் மன்ஜா'. காலையில் ஒரு நண்பரைப் பார்த்ததை இரவுவரை முதல் வடிவத்தில் சொல்வார்கள். விடிந்துவிட்டால் அதே சந்திப்புக்கு இரண்டாம் வடிவம். 'இந்த வாரம்', 'இந்த வருடம்' என்று சொன்னாலும் முதல் வடிவம்தான், ஏனென்றால் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை. நமக்கு 'பார்த்தேன்' இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால் இந்தக் கோடு முதலில் கண்ணில் படாது.

பார்சலோனா இருக்கும் கட்டலோனியாவில் மொழிக்கான தன்னார்வலர் திட்டம் ஒன்று 2003 முதல் நடக்கிறது. மொழி தெரிந்த ஒருவரும் கற்கிற ஒருவரும் வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசுவார்கள். என்னோடு பேச வருபவர் எழுபதைத் தாண்டிய தையல்காரப் பெண்மணி. ஒருநாள் தன் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொன்னார். 'வீட்டில் கட்டலான் பேசுவோம்' என்பதற்கு அவர் சொன்னது 'பர்லாபம்'. நெடுநாள் வழக்கத்துக்கான மூன்றாவது வடிவம் அது. வகுப்பில் வாய்தவறி ஒரு கட்டலான் சொல் வந்தபோது டீச்சர் மேஜையைத் தட்டியதற்கு 'பா பிகா'. அது ஒருநாள், ஒருமுறை நடந்தது. 'இதை மத்தியானம்தான் பேரனுக்குச் சொன்னேன்' என்று முடிக்கும்போது 'எ எக்ஸ்ப்லிகாட்'. வருடக்கணக்கான வழக்கம், ஒரு நொடி அதட்டல், இன்றைய மத்தியானம் மூன்றையும் வினைகளே பிரித்துக் காட்டின.

அவர் சிறுமியாக இருந்தது சர்வாதிகாரி பிராங்கோவின் ஆட்சியில். 1939 முதல் 1975 வரை நீடித்த அந்த ஆட்சி கட்டலானைப் பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் விலக்கி வைத்தது. தாய்மொழியைப் பேசத் தெரிந்தும் எழுதத் தெரியாமல் ஒரு தலைமுறை வளர்ந்தது. கட்டலான் எழுத்தாளர் மெர்சே ருதுரேதா ஜெனீவாவில் அகதியாக இருந்தபடி எழுதி 1962இல் வெளிவந்த 'லா பிளாசா தெல் தியாமான்' நாவல் பார்சலோனாப் பெண் ஒருத்தியின் கதை. அவளே சொல்லும் அந்தக் கதையின் முதல் வாக்கியத்திலேயே இந்த 'பா' இருக்கிறது. 1983இல் வந்த மொழிச் சட்டத்துக்குப் பிறகுதான் கட்டலான் பள்ளிகளில் உறுதியாகக் காலூன்றியது.

தமிழருக்கு இதெல்லாம் எட்டாத விஷயம் அல்ல. 'சின்ன வயதில் ஆற்றில் குளிப்போம்' என்று எதிர்கால வினையை வைத்துக்கொண்டு பழைய வழக்கத்தைச் சொல்கிறவர்கள் நாம். 'குளிக்கப் போகிறேன்' என்று வரப்போவதற்கும் 'உடைந்து போயிற்று' என்று முடிந்ததற்கும் ஒரே 'போ'வை வைத்திருக்கிறவர்களும் நாம்தான். வினையின் உருவம் ஒன்றாகவும் காலம் வேறாகவும் இருப்பது நமக்குப் பிறவியிலேயே பழக்கம்.

எந்த மொழி வகுப்பில் சேர்ந்தாலும் இறந்தகாலத்தைக் கடைசிப் பாடமாகத் தள்ளிவைக்காதீர்கள். முதல் மாதத்திலேயே கேட்டு வாங்கிப் படியுங்கள். பிறகு அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரிடம், 'நீங்கள் எந்தப் பள்ளியில் படித்தீர்கள்?' என்று அவர் மொழியில் கேளுங்கள். மீதியை அவரே சொல்லிக்கொடுப்பார்.